கையைக் கீழே வைங்க மேம்

ஜனவரி 5, திங்கள்

பதினேழு வருஷம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தைப் போன மே மாதம் இழுத்து மூடினார்கள். அதற்குப் பிறகு இன்றுதான் மறுபடி வேலைக்குப் போனேன். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி. கீழே டைல்ஸ் கடை, மேலே இணையவழி வகுப்பு நடத்தும் கம்பெனி. பிளஸ் டூ இயற்பியலைத் தமிழில் எடுத்து வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு மாதம் தற்காலிகம். மார்ச் ஆறாம் தேதி நிரந்தர ஆர்டர் தருவார்களாம், பிடித்திருந்தால்.

பெரிய கண்ணாடிப் பலகை ஒன்று நடுவில் நிற்கிறது. நான் அதற்குப் பின்னால், கேமரா அதற்கு முன்னால். கண்ணாடியில் நான் எழுதுவது கேமராவுக்கு இடவலம் மாறித் தெரியும். பிறகு கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிவிடுவார்கள், எழுத்து நேராகிவிடும். கேமரா பார்க்கும் ரிஸ்வான் இதைப் பொறுமையாக விளக்கினான். நல்ல பிள்ளை. "தம்பி, நான் ஒளியியல் எடுக்கிறவ, எனக்கே கண்ணாடிப் பாடமா?" என்றேன். சிரித்தான்.

சிரிப்பு அதோடு முடிந்தது. வகுப்புகளுக்குத் தலைமை ஹரிணி என்ற பெண். முப்பது வயது இருக்கலாம். பேசுவது எல்லாம் பணிவாகத்தான். ஆனால் விதி ஒன்று சொன்னாள். எழுதாத நேரத்தில் இரண்டு கையும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். கை ஆடினால் எழுத்தை மறைக்குமாம், பார்ப்பவர் கவனம் சிதறுமாம், ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்களாம்.

முதல் வாக்கியத்திலேயே "கையைக் கீழே வைங்க மேம்" என்று குரல் வந்தது.

ஜனவரி 7, புதன்

அலையைப் பற்றிப் பேசும்போது கையை அசைக்காமல் எப்படிப் பேசுவது? எனக்குத் தெரியவில்லை. இன்று "மின்காந்தத் தூண்டல்" என்ற சொல்லே வாயில் வரவில்லை. நாள் தவறாமல் சொன்ன சொல். தொண்டை வரை வந்து நிற்கிறது. கையை ஒரு சுற்று சுற்றினால் வந்துவிடும் என்று எனக்கே தெரிகிறது. சுற்றினேன், வந்தது. ஆனால் பதிவை நிறுத்திவிட்டார்கள்.

ரிஸ்வான் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். "மேம், கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பேசிப் பாருங்களேன்" என்றான். கட்டினேன். ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பிள்ளையாகிவிட்டேன். குரலும் அப்படியே சிறுத்துப்போனது.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று வீட்டில் ஒத்திகை. இவர் உதவினார். (என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம். கூட்டுறவு வங்கியில் மேலாளர். கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான் கையை எடுப்பார்.) நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாடம் சொல்ல, இவர் பக்கத்தில் உட்கார்ந்து, கை எழும்பியபோதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். இவருக்கு இது புதிதில்லை. கல்யாணம், சடங்கு, ஆபீஸ் விருந்து எங்கே போனாலும் நான் பேச ஆரம்பித்தால் மேசைக்கு அடியில் இவர் கை வந்து என் கைமேல் உட்கார்ந்துவிடும். அக்கறைதான். கல்யாணமான புதிதில் இவர் அக்கா வீட்டு விருந்தில் நான் ஏதோ கதை சொல்லப்போய், கை பட்டு பாயச டம்ளர் இவர் மாமாவின் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்.

"பொம்பளை கைய நீட்டி நீட்டிப் பேசினா சண்டை போடுத மாதிரி இருக்கும் செம்பகம். நான் சொன்னா கேக்கல. இப்ப கம்பெனிக்காரனே சொல்லுதான் பாரு" என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

நான் போனில் பேசும்போது கையை ஆட்டுவதைப் பார்த்தும் இப்படித்தான் கேட்பார். "அந்தப் பக்கம் இருக்கவனுக்குத் தெரியவா போகுது?" அவனுக்காக ஆட்டுகிறேன் என்று யார் சொன்னது? எனக்காகத்தான். இதை இவரிடம் சொல்லவில்லை. மாவு அரைக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

காலையில் பொங்கல் வைத்து முடிப்பதற்குள் பகவதி மதினி வந்துவிட்டார்கள். இவருடைய அக்கா. வாய் சும்மா இருக்காது. என் முதல் வீடியோ வெளியாகியிருக்கிறது என்று இவர் பெருமையாகப் போனில் காட்டினார். மதினி பாடத்தைக் கேட்கவில்லை. போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, முந்தானைய என்ன வலது தோள்ல போட்டிருக்க? வடக்கத்திக்காரி கணக்கா?" என்றார்கள்.

"எல்லாரையும் போல இடது தோள்லதான் மதினி போட்டிருந்தேன்."

"எங்கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? இந்தா பாரு, எழுதுதது கூட இடது கையில எழுதுதா."

எனக்கு வந்த எரிச்சலில் பாலைப் பொங்க விட்டேன். இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன், இவர்கள் முந்தானையைப் பார்க்கிறார்கள். போனை வாங்கி அணைத்துவிட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

இன்று ஒரு தடவைகூடக் கை எழவில்லை. பாடமும் எழவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஹரிணி பாராட்டினாள். "இப்பதான் மேம் ரொம்ப கிளீனா இருக்கு." நானும் பதிவைப் பார்த்தேன். மருந்துக் கடை விளம்பரத்தில் பேசுகிற அம்மாளுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

சாயங்காலம் ஆட்டோவுக்கு நின்றேன். மகாராஜ நகர் உழவர் சந்தைக்குப் பக்கத்துச் சந்து என்று வழி சொல்லத் தொடங்கினேன். ஆட்டோக்காரர் என்னையே பார்த்தார். "ஏம்மா, கையில எதுவும் அடிபட்டிருக்கா?" என்றார். அப்போதுதான் கவனித்தேன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். "இடது பக்கம்" என்று வாயால் சொன்னேன். அவர் வலது பக்கம் திரும்பினார். கையைக் காட்டியிருந்தால் சரியாகப் போயிருப்பார்.

வீட்டில் இப்போது சத்தமே இல்லை. "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்கிறார் இவர். இப்போதெல்லாம் எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றுவதில்லை. வெண்டைக்காய் முற்றல், பாதியைக் கொட்டினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சண்டை போட்டு வாங்கினேன்!

இன்று பிளெமிங்கின் இடக்கை விதி. காந்தப் புலத்தில் இருக்கும் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அது எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று கண்டுபிடிக்க, இடது கையின் மூன்று விரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்ட வேண்டும். ஆள்காட்டி விரல் புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் காட்டும் திசைதான் விசை. இந்த விதியே கைதான். கையைக் காட்டாமல் இதை எப்படி நடத்துவது? ஹரிணி பொம்மைக் கை ஒன்றை வரைந்து போடலாம் என்றாள். "பொம்மைக் கையைப் பார்த்தா பிள்ளை தன் கையைத் தூக்காதும்மா. மனுஷக் கையைப் பார்த்தாதான் தூக்கும்" என்றேன். யோசித்தாள். "சரி மேம், இந்த ஒரு பாடத்துக்கு மட்டும்."

என்ன சொல்ல, கட்டிப் போட்ட மாட்டை அவிழ்த்துவிட்டது போல் ஆகிவிட்டேன். இடது கையைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கினேன். திருப்பினேன், சாய்த்தேன், கவிழ்த்தேன். சொல் எல்லாம் தானாக வந்து விழுந்தது. ஒரே பதிவில் முடிந்தது. ரிஸ்வான் கேமராவுக்குப் பின்னால் நின்று தன் கையையும் மூன்று விரல் நீட்டித் திருப்பிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன், கையால்தான் சொன்னேன். இவர் பேப்பரை மடக்கிவிட்டு என் மணிக்கட்டைப் பார்த்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஒரு பெற்றோர் புகார் எழுதியிருக்கிறாராம். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்து இடது கை, இடது கை என்று சொல்லிச் சொல்லிக் கையை நீட்டுவது மரியாதையாக இல்லையாம். பிளெமிங் என்ன செய்வார், பாவம். ஹரிணி "பாத்தீங்களா மேம்?" என்கிற மாதிரி பார்த்தாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இடக்கை விதி வீடியோவுக்கு அடியில் திசையன்விளையிலிருந்து முத்துமாலை என்ற பெண் எழுதியிருந்தாள். "மேம், நீங்க சொல்றது இடது கை. காட்டுறது வலது கை மாதிரி இருக்கே? உங்க கையைப் பார்த்துச் செஞ்சா விடை நேரெதிரா வருது."

சரியான எரிச்சல். பதினேழு வருஷமாக எடுக்கிற பாடம். "பாடத்தை மறுபடி முழுதாகப் பார். இடது கை என்று மூன்று முறை சொல்லியிருக்கிறேன்" என்று பதில் போட்டேன். அவள் உடனே, "சொன்னீங்க மேம். ஆனா நான் கையைத்தான் பார்த்தேன்" என்று எழுதினாள்.

பிப்ரவரி 25, புதன்

காலையில் வேலைக்குக் கிளம்பி, பீரோ கண்ணாடி முன்னால் நின்று முந்தானைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். மதினி சொன்னது ஞாபகம் வந்தது. ஊக்கைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

வீடியோவில் முந்தானை வலது தோளில் இருக்கிறது. வாட்ச் வலது கையில் இருக்கிறது. மூக்குத்தி பக்கம் மாறியிருக்கிறது. எழுத்தை நேராக்கப் படத்தைத் திருப்பினார்கள். எழுத்து நேரானது, நான் திரும்பிவிட்டேன். நான் இடது கையைத் தூக்கினால் பிள்ளைகளுக்குத் தெரிவது வலது கை. வலது கையில் இந்த விதியைச் செய்தால் கட்டைவிரல் நேரெதிர்ப் பக்கம் காட்டும். அழகாகத் திருப்பித் திருப்பி, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

முதல் நாளே ரிஸ்வான் விளக்கினான். எனக்கே கண்ணாடிப் பாடமா என்று கேட்டேன். எழுத்து திரும்பும் என்று மட்டும் மண்டையில் ஏற்றிக்கொண்டேன். என்னையும் சேர்த்துத்தான் திருப்புவார்கள் என்று தோன்றவே இல்லை. பகவதி மதினிக்குத் தோன்றியிருக்கிறது. தப்பு என்னுடையதுதான், ஆனால் மதினி சொன்னது சரி என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

முத்துமாலைக்குப் போட்ட பதிலை அழித்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கம்பெனி அனுமதி இல்லாமல் ஆசிரியர் பதில் வெளியாகாது என்று திரையில் வந்தது. முந்தைய பதிலுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

ஹரிணியிடம் சொன்னேன். வீடியோவை முழுசும் பார்த்தாள், அமைதியாகத்தான் கேட்டாள்.

"ஆடியோல இடதுன்னு கரெக்டா சொல்லியிருக்கீங்களே மேம்."

"பிள்ளைங்க காதால கேட்டதை மறந்துரும். கையால செஞ்சதை மறக்காது. அதுக அந்தக் கையைத்தான் தூக்கும்."

"இப்ப வீடியோவை எடுத்தா, இவங்க வீடியோல தப்பு இருக்குன்னு பேரண்ட்ஸ் பேசுவாங்க. வர்ற செவ்வாய்க்கிழமை எக்ஸாம். முடியட்டும், அப்புறம் மாத்திக்கலாம்."

"எக்ஸாம் முடிஞ்ச பிறகு மாத்தி எதுக்கு? அதுல இந்தக் கேள்வி வந்தா?"

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினாள். "அதுக்குத்தான் மேம் கையே காட்ட வேண்டாம்னு சொன்னேன்" என்றாள்.

பதில் இருந்தது. கை மடியில் கிடந்தது, பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரலையில் சந்தேகம் தீர்க்கும் வகுப்பு எனக்கு. அதில் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது, ஆர்டர் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று வழியனுப்பினாள்.

பிப்ரவரி 28, சனி

இவரிடம் கேட்டேன். "கம்பெனி முடிவு பண்ணது. உனக்கு என்ன? ஆர்டர் கையில வரட்டும் மொதல்ல" என்றார். தப்பில்லாத பேச்சுதான். எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் தெரியும். மறுபடி அப்படி உட்கார முடியாது. ஆர்டரை வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

முத்துமாலை மட்டும் வலது கையைத் தூக்கிக்கொண்டு பரீட்சை அறையில் உட்கார்ந்திருப்பது போலவே தோன்றுகிறது.

மார்ச் 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு நேரலை. வீட்டிலிருந்தே, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. இது சாதாரண கேமரா, என் கை என் கையாகவே அவர்களுக்குத் தெரியும். இவர் எனக்கு இடப்பக்கம், கேமராவில் படாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நெட் நின்றால் பார்ப்பதற்காம். திரை முழுக்கக் கறுப்புச் சதுரங்கள். பிள்ளைகள் யாரும் கேமரா போடவில்லை, பெயர் மட்டும் தெரிந்தது. மேல் வரிசையில் முத்துமாலை என்று இருந்தது.

லென்சில் சந்தேகம் கேட்டார்கள், சொன்னேன். டிரான்சிஸ்டர் கேட்டார்கள், சொன்னேன். கை இரண்டும் மேசைக்கு அடியில். சொல் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பேசினேன். முத்துமாலை ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூட மழுப்பியிருப்பேனோ என்னவோ. கேட்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

"பிள்ளைகளா, இடக்கை விதி வீடியோல நான் காட்டுனது தப்பு" என்று வாய் சொல்லிவிட்டது. "படத்தைத் திருப்பிப் போட்டதால என் இடது கை உங்களுக்கு வலது கையாத் தெரிஞ்சிருக்கு. நான் கவனிக்கல. எல்லாரும் கேமராவைப் போடுங்க. கையைப் பாக்கணும்."

இடது கையைத் தூக்கி மூன்று விரலை நீட்டினேன். அதே நொடி இவர் கை வந்தது. வழக்கம்போல, மணிக்கட்டில். அழுத்தியது. கேமராவுக்குள் ஒரு ஆம்பிளைக் கை, மோதிரத்தோடு.

"கையை எடுங்க" என்றேன்.

மெதுவாகச் சொல்லவில்லை. திரையில் அப்போதுதான் கேமராவைப் போட்டு ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிய பிள்ளைகள் எல்லாம் பயந்துபோய்க் கையைக் கீழே போட்டுவிட்டார்கள். "உங்களைச் சொல்லல பிள்ளைகளா, நீங்க தூக்குங்க" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. யாரைச் சொன்னேன் என்று அப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இவர் கையை எடுத்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிறகு கைகள் வந்தன. பச்சைச் சுவர் முன்னால் ஒரு கை, காலண்டர் முன்னால் ஒரு கை, மொட்டை மாடியில் துணிக்கொடிக்குக் கீழே ஒரு கை. பாதி வலது கை! வீடியோவைப் பார்த்துப் பழகிய கைகள். இடது என்று சொன்னால் குழம்புகிறார்கள், என் வீடியோ செய்த வேலை.

"சோத்தாங்கையைக் கீழ போடு! பீச்சாங்கையைத் தூக்கு!" என்று கத்தினேன்.

ஒரே சிரிப்பு. அத்தனை கையும் ஒரு நொடியில் மாறிவிட்டது. கோவில்பட்டிப் பையன் ஒருவன், "மேம், நான் இடது கையாலதான் சாப்பிடுவேன்" என்றான். "அப்ப நீ மட்டும் சாப்பிடுத கையத் தூக்குடா ராசா" என்றேன். கையைத் திருப்பு, கவிழ், இப்போது விசை எந்தப் பக்கம்? எல்லாக் கட்டைவிரலும் மேலே காட்டின. முத்துமாலையின் கை சிறியது, மருதாணி பாதி அழிந்திருந்தது. சரியாகக் காட்டினாள்.

முடிந்ததும் போனைப் பார்த்தேன். ஹரிணி பல தடவை அழைத்திருந்தாள்.

மார்ச் 3, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். இடக்கை விதி வரவே இல்லை. ஒரு மதிப்பெண்ணுக்குக்கூட வரவில்லை.

கேள்வித்தாள் எடுத்தவரை நினைத்து உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 5, வியாழன்

இவர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. எல்லாம் சைகைதான். தட்டுக்கு மேல் உள்ளங்கையை விரித்தால், போதும் என்று அர்த்தம். தட்டை விரலால் தட்டினால் இன்னொரு தோசை. கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்தால் தண்ணீர். என் கையைக் கீழே போடச் சொன்ன மனிதர் இப்போது கையாலேயே குடும்பம் நடத்துகிறார். எல்லாம் எனக்குத் தெளிவாகப் புரிகிறது, அதுதான் ஆத்திரம். ஒரு தடவை புரியாத மாதிரி நின்றேன். மறுபடி தட்டினார். தோசையைப் போட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

ஆர்டர் வரவில்லை. "உங்கள் கற்பிக்கும் முறை எங்கள் தளத்துக்குப் பொருந்தவில்லை" என்று மின்னஞ்சல் வந்தது. அந்த வீடியோவை இன்று எடுத்துவிட்டார்கள், என்னையும் சேர்த்து. ரிஸ்வான் வாட்ஸப்பில் எதுவும் எழுதவில்லை. மூன்று விரல் நீட்டிய தன் இடது கையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். இனி எங்கே போய் வேலை தேட என்று தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பகவதி மதினி பேத்திக்குக் காதுகுத்து. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். இவர் வாசலில் நின்று வண்டிச் சாவியை ஆட்டினார், வா என்று. போனேன்.

பந்தியில் இவருக்குப் பக்கத்தில் எனக்கு இலை. எதிர் வரிசையில் மதினி. "என்னட்டி, வேலைய விட்டுட்டியாமே?" என்று அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்கள். தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"நீங்க சொன்ன முந்தானைதான் மதினி எல்லாத்துக்கும் காரணம்" என்று ஆரம்பித்துவிட்டேன். மதினி அப்பளத்தைக் கீழே வைத்தார்கள். கண்ணாடி இங்கே, நான் இங்கே, கேமரா அங்கே என்று காட்டினேன். படம் எப்படித் திரும்பும் என்று காட்ட வேண்டும். சோத்தாங்கை எச்சிலாக இருந்ததால் பீச்சாங்கையை வீசிக் காட்டினேன். பந்தியில் இடது கையை வீசுகிறாளே என்று எதிரே ஒருவர் முகம் சுளித்தார். பாதிப் பேர் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் கையைத் தூக்கிய இடம் வந்தது. "கையை எடுங்க" என்று நான் சொன்ன இடத்துக்கு முன்னால் வந்து நின்றேன்.

இவர் கை நீண்டு வந்தது.

என் பேச்சு தானாக நின்றது. அந்தக் கை என் இலைக்குப் பக்கத்திலிருந்த பாயச டம்ளரை எடுத்து, தன் இலைக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தது.

"சரி, மேல சொல்லு" என்றார்.